எடை குறைக்கிற மருந்துகள்: தேங்காய் அரைக்கிற வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

எடை குறைக்கிற மருந்துகளில் எது நல்லது என்று விசாரிக்கிற எல்லாரும் எத்தனை கிலோ குறையும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மேல் டோஸுக்குப் போகும்போது மாசம் எவ்வளவு ஆகும் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி, கிலோவெல்லாம் அப்புறம். இப்போது பேச்சில் இருக்கிற வாராந்திர ஊசிகள் எல்லாமே சின்ன டோஸில் தொடங்கி நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றிக்கொண்டு போகிறவை, டோஸ் ஏற ஏற விலையும் ஏறும், நிறுத்தினால் போன எடையில் பெரும்பகுதி திரும்பி வரும். முதல் மாச பில்லைப் பார்த்து இது நம்மால் முடியும் என்று இறங்கி, நாலாவது மாசம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அதனால் விலையை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். யாருக்கும் எதையும் சிபாரிசு செய்யவில்லை, நான் டாக்டரும் இல்லை.

தக்கலைப் பக்கம் வீடு, மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிற வேலை, அதாவது காலையிலிருந்து ராத்திரி வரை நாற்காலி. நாற்பது தாண்டியாச்சு. சர்க்கரை உண்டு, தைராய்டும் உண்டு, காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை போட ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, 30க்கு மேல். நம் ஆட்களுக்கு 23 தாண்டினாலே எடை கூடுதல், 25 தாண்டினால் பருமன் என்று இந்திய டாக்டர்கள் கணக்கு வைத்திருந்தாலும், இந்த ஊசிகளுக்குக் கொடுத்திருக்கிற அனுமதி 30க்கு மேல் உள்ளவர்களுக்கு, இல்லையென்றால் 27க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரையோ பிரஷரோ மாதிரி ஏதாவது உள்ளவர்களுக்கு. மகள் கல்யாணத்துக்குள் அஞ்சு கிலோ குறைக்கணும் என்கிறவர்களுக்கான சரக்கு இல்லை இது. மெட்ஃபார்மின் போட்டாலே எடை குறையும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் உண்டு, குறையும், ஆனால் அமெரிக்காவில் சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் சராசரியாக இரண்டு கிலோ சொச்சம்தான். அது சர்க்கரைக்கான மாத்திரை, எடைக்கு அதை நம்பி உட்கார முடியாது.

சரி, ஆர்லிஸ்டாட். இதைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு நிறைய இருக்கிறது.

1999இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய பழைய மருந்து, நம் மெடிக்கல்களில் பல பெயர்களில் கிடைக்கிறது, 120 மில்லிகிராம், மூன்று வேளையும் சாப்பாட்டோடு. கொழுப்பைச் செரிக்கிற லிப்பேஸ் என்சைமைக் குடலுக்குள் வைத்தே தடுத்துவிடும், அதனால் சாப்பிட்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதம் உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். பசியைத் தொடாது, ரத்தத்திலும் பெரிதாகக் கலக்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கொழுப்பு எப்படி வெளியே போகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மருந்தோடு வரும் காகிதத்தில், சாப்பாட்டுக் கலோரியில் கொழுப்பின் பங்கு 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். நம் வீட்டில் நடக்கிற காரியமா? காலையில் ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், மத்தியானம் தேங்காய் அரைத்த மீன்கறி, பக்கத்தில் அவியல், அதன் மேல் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒரு சுற்று, சாயங்காலம் சாயாவோடு நேந்திரங்காய் வத்தலோ பழம்பொரியோ. சாளை நன்றாக விழுகிற நாட்களில் கேட்கவே வேண்டாம், அந்த மீனே பாதி எண்ணெய். சாளைப் புளிமுளம் வைத்து ரெண்டு தவி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு இந்த கேப்ஸ்யூலையும் போட்டால், மறுநாள் கடையில் பில் புக்கை அப்படியே மூடிவைத்துவிட்டு ஓட வேண்டியிருக்கும். ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் தனியாகத் தண்ணீரில் மிதக்கும், சாதாரணமாக ஒரு தடவை தண்ணீர் ஊற்றினால் போகாது, சோப்புப்பொடி வேண்டும். வாயு விடுகிறோம் என்று நினைத்தால் அதோடு எண்ணெயும் வரும், துணியில் பட்டால் கறை போகாது. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற கடையில் ஒரே ஒரு கழிப்பறை. வெளிர் நிறச் சுடிதார்கள் எல்லாம் பீரோவின் அடித்தட்டுக்குப் போயின.

இதில் ஒரு நல்லது உண்டு, ஒத்துக்கொள்கிறேன்: கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்ட நாளில் இது எந்தத் தொந்தரவும் தராது. அன்றைக்குக் கஞ்சியும் பயறும் சாப்பிட்டால் வயிறு சத்தமே போடாது. அதனால் எண்ணெயைக் குறைக்க இது பழக்கும் என்று சொல்கிற டாக்டர்கள் உண்டு. ஆனால் எனக்கு நடந்தது வேறு, மீன்கறி வைக்கிற நாளில் மாத்திரையை விட்டுவிடத்தான் மனம் வந்தது. எங்கள் வீட்டில் மீன்கறி வைக்காத நாள் வெள்ளிக்கிழமை மட்டும்தான். இன்னொன்று, தைராக்சின் போடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், கொழுப்பில் கரைகிற ஏ, டி, இ, கே வைட்டமின்களும் கூடவே போய்விடும் என்பதால் ராத்திரி படுக்கும்போது வைட்டமின் மாத்திரை தனியாகப் போட வேண்டும். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது? சுவீடனில் நாலு வருஷம் நடத்திய ஆய்வில் ஆர்லிஸ்டாட் எடுத்தவர்களுக்கு 5.8 கிலோ குறைந்தது, மருந்தே சேர்க்காத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 3 கிலோ. அதாவது மருந்தின் கணக்கில் வருவது மூன்று கிலோவுக்கும் குறைவு. அதே ஆய்வில் சர்க்கரை வியாதி புதிதாக வருவது 9 சதவீதத்திலிருந்து 6.2 சதவீதமாகக் குறைந்தது என்பது நல்ல செய்திதான், எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் அதிலும் லாபமில்லை. விலை குறைவு, ஊசி இல்லை, பிரிட்ஜ் வேண்டாம். தேங்காயை ஒதுக்கிவைத்து வாழ முடிகிறவர்கள் எடுத்துப் பார்க்கலாம். குமரி மாவட்டத்தில் அப்படி எத்தனை பேர் தேறுவார்கள் என்று தெரியவில்லை.

லிராகுளூடைடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குடலில் சுரக்கிற ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் மாதிரியே வேலை செய்கிற மருந்துகளில் முதலில் எடைக்கு வந்தது இது, தினம் ஒரு ஊசி, எடைக்கான டோஸ் 3 மில்லிகிராம். ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலாக நடந்த ஆய்வில் சராசரி 8 சதவீதம் குறைந்தது, வெற்று ஊசிக்கு 2.6. காப்புரிமை முடிந்ததால் 2024 ஜனவரியில் ஒரு இந்தியக் கம்பெனி இதைச் சர்க்கரைக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அளவில் கொண்டுவந்தது, அது 1.2 மில்லிகிராம் டோஸுக்கான விலை என்பதைக் கவனியுங்கள், எடைக்கு அதைப்போல இரண்டரை மடங்கு வேண்டும். கணக்குப் போட்டால் மாசம் ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு வந்து நிற்கும். தினமும் குத்தி இவ்வளவுதான் குறையும் என்றால் வாரம் ஒரு தடவை குத்துகிற ஊசிக்கே போகலாம் என்று டாக்டரே சொன்னதால் நான் அதைத் தொடவில்லை.

அடுத்து எனக்கு எழுதித் தந்தது செமாக்ளூடைடு மாத்திரை, இதுவும் ஜிஎல்பி-1 மாதிரி வேலை செய்கிறதுதான். இது இந்தியாவில் ரைபெல்சஸ் என்ற பெயரில் 2022 ஜனவரியில் வந்தது, 3, 7, 14 மில்லிகிராம் என்று மூன்று அளவு, அனுமதி சர்க்கரைக்குத்தான், எடை குறைவது கூடவே வருகிற லாபம். எனக்குச் சர்க்கரை இருப்பதால் எழுதித் தர அவருக்குக் காரணம் இருந்தது. குத்த வேண்டாம், பிரிட்ஜ் வேண்டாம், சரிதான். ஆனால் இதைப் போடுகிற சட்டதிட்டம் இருக்கிறதே! காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் கூடாது (120 மில்லி என்று கணக்கு), விழுங்கி அரை மணி நேரம் வரை வாயில் வேறு எதுவும் படக்கூடாது, கட்டஞ்சாயாகூட. மருந்து வயிற்றில் மிகக் கொஞ்சமாகத்தான் உறிஞ்சப்படும், தண்ணீர் கூடினாலோ சாப்பாடு பட்டாலோ அந்தக் கொஞ்சமும் போச்சு.

இங்கேதான் எனக்கு மாட்டிக்கொண்டது. தைராக்சினும் வெறும் வயிறு கேட்கிறது, இதுவும் வெறும் வயிறு கேட்கிறது, காலையில் எனக்கு இருப்பதோ ஒரே ஒரு வெறும் வயிறு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ரத்தத்தில் தைராக்சின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது என்று மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. ஒன்றைப் போட்டு அரை மணி, இன்னொன்றைப் போட்டு அரை மணி, அதற்குள் ஆறரை மணி பஸ் போய்விடும். கடைசியில் டாக்டர் தைராக்சினை ராத்திரி சாப்பிட்டு மூணு மணி நேரம் கழித்து என்று மாற்றித் தந்தார். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு பதினொரு மணி வரை கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கடை முடிந்து வருகிற பெண்ணுக்கு அது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. தைராய்டு மாத்திரை போடுகிற பெண்கள் நம்மிடையே எவ்வளவு பேர், ஆனால் இந்த ஒரு விஷயத்தை மெடிக்கலில் யாரும் சொல்லித் தருவதில்லை. எழுதும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். எடை? பசி மட்டுப்பட்டது, சர்க்கரை நன்றாக இறங்கியது, எடை கொஞ்சம்தான்.

வாராந்திர செமாக்ளூடைடு ஊசியை எங்கள் மைனி எடுக்கிறார். அண்ணன் வெளிநாட்டில், பணத்துக்குக் குறைவில்லை, சர்க்கரையும் இல்லை, முட்டிவலிதான் பெரிய தொல்லை. 0.25 மில்லிகிராமில் தொடங்கி 0.5, 1, 1.7, 2.4 என்று போகும், எந்தச் சிக்கலும் இல்லாமல் ஏற்றினாலும் மேல் டோஸைத் தொட நாலு மாசம் ஆகிவிடும். மருந்து வயிறு காலியாவதை மெதுவாக்கும், மூளையில் பசி தோன்றுகிற இடத்திலும் வேலை செய்யும். மைனிக்கு முதலில் போனது மீன் ஆசை. "பிள்ளே, மீன்சட்டியத் தொறந்தாலே கொமட்டுது கேட்டியா, எனக்க வீட்லயே எனக்கு நிக்க முடியல" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனில் சொல்வார். குளச்சலில் பிறந்து வளர்ந்தவர் இதைச் சொல்கிறார். டோஸ் ஏற்றிய வாரங்களில் ஓங்கரிப்பு, முட்டை நாற்றத்தில் ஏப்பம், நாலு நாளைக்கு ஒரு தடவை வெளிக்குப் போவது எல்லாம் இருந்தது, பிறகு அடங்கியது. முடி கொட்டியது, அது எடை வேகமாகக் குறைகிற எல்லாருக்கும் வருகிறதுதான் என்று டாக்டர் சொல்லியும் அவருக்கு மனசு ஆறவில்லை. முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடிப்படி ஏறுகிறார், அதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

ஆய்வுக் கணக்கு: 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீதம், வெற்று ஊசிக்கு 2.4. இதயத்துக்கும் நல்லது செய்கிறது என்பதற்கு இதனிடம் பெரிய சான்று உண்டு, ஏற்கெனவே இதய நோய் இருந்த, சர்க்கரை இல்லாத 17,604 பேரை வைத்துப் பார்த்ததில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைந்தது. வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால் டாக்டரிடம் பேசும்போது இதை மறக்காமல் கேளுங்கள்.

நான் இப்போது எடுப்பது டிர்ஸெப்படைடு. இது ஜிஎல்பி-1 ஓடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது, வாரம் ஒரு ஊசி, 2.5 மில்லிகிராமில் தொடங்கி 15 வரை. எடைக் கணக்கில் இதுதான் முன்னால் நிற்கிறது, சந்தேகமில்லை. 72 வாரத்தில் 5 மில்லிகிராமுக்கு 15 சதவீதம், 15 மில்லிகிராமுக்கு 20.9 சதவீதம். செமாக்ளூடைடோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு 2025இல் வெளிவந்தது, டிர்ஸெப்படைடுக்கு 20.2, செமாக்ளூடைடுக்கு 13.7. நடத்தியது டிர்ஸெப்படைடு கம்பெனியேதான் என்பதையும் சேர்த்தே படியுங்கள், ஆனால் வித்தியாசம் சின்னதில்லை.

இந்த இடத்தில் சர்க்கரைக்காரர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன எண்கள் எல்லாம் சர்க்கரை இல்லாதவர்களுக்கானவை. நமக்கு எடை அவ்வளவு இறங்காது. சர்க்கரை உள்ளவர்களிடம் தனியாகச் செய்த ஆய்வில் செமாக்ளூடைடு 2.4க்கு 9.6 சதவீதம், டிர்ஸெப்படைடு 15க்கு 14.7 சதவீதம். மைனி ஒரு பக்கம் மளமளவென்று இறங்க, நான் மெதுவாக இறங்க, "ஒனக்கு மருந்து பிடிக்கலியோ என்னமோ" என்று அவர் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் சமாதானம் ஆனது. பக்கத்து வீட்டுக்காரி இருபது கிலோ குறைந்தாள் என்றால் அவளுக்குச் சர்க்கரை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

எனக்குக் குமட்டல் குறைவு, மலச்சிக்கல் அதிகம். ஊசி போட்ட மறுநாள் சாப்பாட்டைப் பார்த்தால் ஒரு அலட்சியம் வருகிறது, வெறுப்பு இல்லை, வேண்டாம் என்கிற மாதிரி. கல்யாண வீட்டில் பாயசம் மூணு வகை வரும் அல்லவா, அடைப்பிரதமன், பால்பாயசம், பருப்பு என்று, பப்படம் பொடித்துப் போட்டு மட்டிப்பழம் பிசைந்து மூன்றையும் ஒரு கை பார்க்கிறவள் நான். இப்போது முதலாவதிலேயே இலையை மடக்கிவிடுகிறேன். மடக்கினால் விடுவார்களா, "மக்ளே, கூட்டான் பிடிக்கலியா" என்று பந்தி விசாரிக்கிற மாமா வந்து நிற்பார். ஊசியைச் சமாளிப்பதைவிட இவர்களைச் சமாளிப்பது கடினம்.

இப்போது விலை. டிர்ஸெப்படைடு மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது குப்பியாக வந்தது, 2.5க்கு 3,500 ரூபாய், 5க்கு 4,375 ரூபாய், வாரம் ஒன்று என்றால் மாசம் 14,000, அப்புறம் 17,500. ஆகஸ்டில் பென், அதாவது பேனா மாதிரி இருக்கிற ஊசி, வந்தது, மேல் டோஸ் மாசம் 27,500 வரை போனது. எடைக்கான செமாக்ளூடைடு ஊசி வீகோவி என்ற பெயரில் 2025 ஜூனில் மாசம் 17,345 ரூபாயில் தொடங்கி மேல் டோஸுக்கு 26,015 என்று வந்தது, போட்டி தாங்காமல் நவம்பரில் குறைத்து 10,850இலிருந்து 16,400 வரை ஆக்கினார்கள். டிசம்பரில் அதே செமாக்ளூடைடு ஓசெம்பிக் என்ற பெயரில் 8,800 ரூபாயில் தொடங்கியது, அது சர்க்கரைக்கானது, எடைக்கான மேல் டோஸ் அதில் வராது. இதற்கு நடுவே மருந்துகளுக்கான ஜிஎஸ்டி குறைந்ததில் பில்லில் கொஞ்சம் மாற்றம் உண்டு. ஆகவே இன்றைக்குக் கடையில் என்ன விலை என்பதைக் கேட்டே வாங்குங்கள், நான் சொல்வது வந்த காலத்து விலை. செமாக்ளூடைடின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான் இருந்தது, அதன் பிறகு நம்மூர் கம்பெனிகளும் இறங்க வழி திறந்தது, லிராகுளூடைடில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவசரமில்லாதவர்கள் மாத்திரையோடும் நடையோடும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை.

என் சம்பளத்துக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் தாங்காது. டாக்டரிடம் முதல் நாளே அதைச் சொல்லிவிட்டேன், 5லேயே நின்றால் எனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டு, அதற்குச் சம்மதம் என்ற பிறகுதான் தொடங்கினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சர்க்கரை அதிலேயே நன்றாக இறங்கும், ஏற்றிக்கொண்டே போக வேண்டும் என்று கட்டாயமில்லை என்றார். முதல்வர் காப்பீட்டு அட்டையெல்லாம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான், இதற்கு நடக்காது. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் சர்க்கரை மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், இந்த எடை ஊசிக்குக் கைக்காசுதான்.

விலைக்கு அடுத்தது பிரிட்ஜ். இந்த ஊசிகள் 2இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். டிர்ஸெப்படைடு குப்பி வெளியே 30 டிகிரிக்குள் 21 நாள் வரை தாங்கும், ஆனால் சித்திரை மாசத்து வெயிலில் எந்த அறை 30 டிகிரிக்குள் இருக்கிறது? ஒரு கடையில் நாலாயிரம் ரூபாய்ச் சாமானைச் சாதாரண பாலிதீன் கவரில் போட்டுத் தந்தார்கள், ஐஸ் பேக் கேட்டதற்கு "வீட்டுக்குத்தானே போறீங்க" என்று பதில். நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்கு பஸ்ஸில் மடியில் வெயில் அடிக்க அடிக்க அதைப் பிடித்துக்கொண்டு வருவது தனி அவஸ்தை. இப்போது சாப்பாட்டுப் பையில் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி நானே கொண்டுபோகிறேன், மருந்து ஐஸில் நேராகப் படக்கூடாது. வாங்கும்போது பிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா, மேசை டிராயரிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள், டிராயர் என்றால் வாங்காதீர்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, 2017 ஒக்கிப் புயலில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கெல்லாம் மாத்திரைக்கு இன்னும் ஒரு மதிப்பு உண்டு.

குப்பி வாங்கி அக்காளும் தங்கையும் பாதிப் பாதி குத்திக்கொள்வது, ஒரு குப்பியை இரண்டு வாரத்துக்கு ஓட்டுவது என்று ஒரு சிக்கனம் நடக்கிறதாகக் காதில் விழுகிறது. அதில் இருப்பது அரை மில்லி, ஒரே தடவைக்கானது, கெடாமல் வைக்கிற மருந்து அதில் சேர்க்கப்படவில்லை. ஊசி குத்திய குப்பியை எடுத்து வைத்து மறுவாரம் போட்டால் உடம்புக்குள் கிருமி போகும். வேண்டவே வேண்டாம்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் தெருவிலேயே ஒரு உதாரணம். வளைகுடாவிலிருந்து லீவுக்கு வந்த பையன், கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது, அங்கே இருந்தே பென் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து குத்தினான். கல்யாண போட்டோவில் ஆள் அம்சமாக இருந்தான். அடுத்த லீவுக்கு வந்தபோது கல்யாணக் கோட்டின் பொத்தான் போட வரவில்லை. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆய்விலும் இதுதான் வந்திருக்கிறது: செமாக்ளூடைடை நிறுத்தி ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டிர்ஸெப்படைடிலும் 36 வாரம் போட்டு 20.9 சதவீதம் குறைந்தவர்களில் பாதிப் பேருக்கு வெற்று ஊசியாக மாற்றினார்கள், அவர்களுக்கு அடுத்த ஒரு வருஷத்தில் 14 சதவீதம் ஏறியது, தொடர்ந்து போட்டவர்களுக்கு இன்னும் இறங்கியது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதை யாரும் மருந்தின் குற்றம் என்று சொல்வதில்லை, இதுவும் அந்த வகை மருந்து. மாச பில்லை வருஷக்கணக்கில் பெருக்கிப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

யாருக்கு ஆகாது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டியவை இவை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்திருந்தால் இந்த வாராந்திர ஊசிகள் கூடாது; என்னை மாதிரி தைராய்டு குறைவாகச் சுரப்பது அதில் சேராது, பயப்பட வேண்டாம். கணைய அழற்சி வந்தவர்கள், பித்தப்பைக் கல் இருக்கிறவர்கள் சொல்லியாக வேண்டும். கிளிமிபிரைடு என்கிற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போடுகிறவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம், எனக்கு அந்த மாத்திரையைப் பாதியாக்கித்தான் ஊசி தொடங்கினார்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண்ணின் விழித்திரையில் ஏற்கெனவே கோளாறு இருந்தால் கூடலாம், கண்ணை முதலிலேயே காட்டிவிடுவது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் கவனிக்க: டிர்ஸெப்படைடு தொடங்கிய நாலு வாரமும், டோஸ் ஏற்றுகிற ஒவ்வொரு தடவையும் நாலு வாரமும் அந்த மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாசம் முன்பே நிறுத்த வேண்டும். ஆபரேஷன் இருந்தால், பல் டாக்டர் மயக்க மருந்து கொடுத்தாலும்கூட, இந்த ஊசி போடுவதைச் சொல்லுங்கள், வயிறு மெதுவாகக் காலியாவதால் மயக்கத்தில் சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போகிற ஆபத்து உண்டு.

சாப்பாட்டில் ஒரே ஒரு விஷயம்தான். குறைகிற எடையில் தசையும் சேர்ந்து போகும். பசியில்லாத நாளில் நாம் முதலில் விடுவது மீனையும் பயறையும், கடைசி வரை விடாதது கஞ்சியையும் மரச்சீனிக் கிழங்கையும். அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். நான் இலையில் முதலில் மீனைச் சாப்பிட்டுவிடுகிறேன், அப்புறம் இடமிருந்தால் சோறு. நெத்திலி, அயலை, முட்டை வெள்ளை, சிறுபயறு, இதற்கெல்லாம் டப்பாவில் வருகிற புரோட்டீன் பவுடர் வேண்டியதில்லை.

மூலிகைப் பொடி, ஸ்லிம்மிங் காபி என்று மாசம் எட்டுக் கிலோ வாக்குறுதி தருகிறவை பற்றி ஒரு வரி. சிபுட்ராமின் என்று ஒரு எடை மாத்திரை இருந்தது, இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தினார்கள், 2011இல் இந்தியாவிலும் தடை செய்தார்கள். இயற்கை என்று விற்ற பல பொடிகளுக்குள் அதே சிபுட்ராமின் ஒளிந்திருந்ததை அமெரிக்க மருந்துத் துறை திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. பேர் தெரியாத டப்பாவில் இருக்கிற மருந்து வேலை செய்கிறதென்றால்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

ஆக என் கணக்குக்கு: சர்க்கரையும் எடையும் சேர்ந்து இருந்து, மேல் டோஸ் விலையை அஞ்சு வருஷமாவது கொடுக்க முடிகிறவர்களுக்கு டிர்ஸெப்படைடு. இதய நோய் உள்ளவர்களும், விலை குறைய வேண்டும் என்று காத்திருக்கிறவர்களும் செமாக்ளூடைடு பற்றிக் கேளுங்கள். பிரிட்ஜை நம்ப முடியாதவர்கள், ஊசிக்குப் பயந்தவர்கள், சர்க்கரையும் இருந்து தைராக்சின் போடாதவர்கள் மாத்திரையைக் கேட்கலாம். ஆர்லிஸ்டாட் தேங்காயில்லாத ஊர்க்காரர்களுக்கு. பென் வாங்கும்போது ஊசிமுனை பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், குத்தி முடித்த முனைகளைக் குப்பைக் கவரில் போடாமல் மூடி இறுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கொடுத்துவிடுங்கள், குப்பை எடுக்க வருகிற அக்காமார் கையில் அது ஏறக்கூடாது.